லாஸ் ஏஞ்சலஸில் நல்ல வஹாக்கா சாப்பாட்டுக் கடை எங்கே?

வணக்கம். லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. இதுவரை மெக்சிகன் உணவு என்று நான் சாப்பிட்டதெல்லாம் மஞ்சள் சீஸ் கொட்டிய பரிட்டோதான். போன வாரம் என்னோடு வேலை பார்க்கும், மெக்சிகோவின் தெற்கே உள்ள வஹாக்கா மாநிலத்துக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து மோலே நெக்ரோ கொண்டுவந்தார். கருகக் கருக வறுத்த மிளகாய், எள், பட்டை, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் சேர்த்து அரைத்த கறுப்புக் குழம்பு. இனிப்பா காரமா என்று யோசித்து முடிப்பதற்குள் கிண்ணம் காலி!

கொரியாடவுன், பிகோ-யூனியன் பக்கம் வஹாக்கா மக்கள் நிறைய என்பதால் அங்கே சின்னச் சின்னக் கடைகள் உண்டாம். சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அங்கேயே அரைத்து டார்ட்டியா ரொட்டி தட்டும் இடமாக இருந்தால் நல்லது. பாக்கெட் மாவுக் கடை வேண்டாம். மேசை நாற்காலி எப்படி இருந்தாலும் சரி.

அப்புறம் ஒரு சிக்கல். என் மனைவி பன்றிக்கறி தொடமாட்டாள். த்லாயுடா என்ற பெரிய மொறுமொறு டார்ட்டியாவில் பீன்ஸ் விழுதுக்கு அடியில் 'அசியென்டோ' என்று பன்றிக்கொழுப்பைத் தடவுவார்கள். அது இல்லாமல் கேட்டால் செய்து தருவார்களா? ஸ்பானிஷில் எப்படிக் கேட்பது? எனக்கு 'கிராசியாஸ்' தாண்டி ஒன்றும் வராது.