பயிர் போன பகுதி எதுன்னு யார் முடிவு பண்றாங்க? உங்க அனுபவத்தை எழுதுங்க

தோவாளை வயக்காடு:
கும்பப்பூ நெல் அறுவடை நேரத்துல மழை பிடிச்சு, எங்க ஏலாவுல (வயல்வெளியில) தாழ்ந்த பக்கம் மொத்தமும் கதிர் சாய்ஞ்சு தண்ணிக்குள்ள கிடந்துது. நெல்லு முளைச்சிட்டு. கையால தூக்கினா வேரு பின்னிப்போய்ப் பாய் மாதிரி வந்துது. காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியிருந்தும் ஒரு பைசா வரல்ல. கேட்டதுக்கு, “உங்க கிராமத்து சராசரி மகசூல் குறையல்ல”ன்னு சொல்லிட்டாவ. மேட்டுப் பக்கம் நல்லா விளைஞ்சிருந்துது, அது உண்மைதான். அதுக்கு நான் என்ன செய்ய?

ஓய்வுபெற்ற கிராம அலுவலர்:
தம்பி, காப்பீடு வேற, அரசு நிவாரணம் வேற. ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்கிறதாலதான் பாதி சண்டை.

காப்பீட்டுல மகசூல் இழப்புக்கு உங்க வயலை யாரும் தனியா பார்க்கறதில்ல. கடைசி 7 வருஷத்துல நல்லா விளைஞ்ச 5 வருஷத்து சராசரியை எடுத்து, அதுல 70, 80 இல்லன்னா 90 சதவீதத்தை வரம்பா வைப்பாங்க. குலுக்கல்ல விழுந்த சர்வே நம்பர்கள்ல அறுவடைப் பரிசோதனை நடக்கும், அதாவது கொஞ்சம் இடத்தை அறுத்து எடை பார்ப்பாங்க. அதுல கிடைச்ச சராசரி வரம்புக்குக் கீழ போனா அந்தப் பகுதிக்கே பணம். போகலன்னா யாருக்கும் கிடையாது.

நிவாரணத்துக்கு 33 சதவீத இழப்பு வேணும். 2015-க்கு முன்னாடி இது 50. மத்திய அரசு 2022-ல போட்ட விதிப்படி ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். அதிகபட்சம் 2 ஹெக்டேர். அடங்கல்ல, அதாவது கிராமப் பயிர்க் கணக்குல, பயிர் பதிவாகியிருக்கணும். தென்னைக்கு நடுவுல வாழை வச்சிட்டு அதை எழுத வைக்காம விட்டவங்க எத்தனை பேர் எங்கிட்ட வந்து நின்னிருக்காங்க தெரியுமா!

குலசேகரம் ரப்பர்:
அண்ணாச்சி சொன்ன அந்த 33 எங்களுக்கு ஒத்து வராது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போ கணக்கெடுக்க வந்தவங்க வேரோட சாய்ஞ்ச மரத்தை உடனே எழுதினாங்க. பட்டை வெட்டுற இடத்துக்கு மேல முறிஞ்சு நின்ன மரத்தைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. “இது நிக்குதே?”ன்னு ஒருத்தர் கேட்டாரு. நிக்குது சார், பால்தான் வராது.

ரப்பர் நட்டா வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும். விதியில சொல்லுறது இடுபொருள் மானியமாக்கும். மறுபடி நட உரத்துக்கும் கன்னுக்கும் கொஞ்சம் ஆகும், அந்த ஏழு வருஷச் சாப்பாட்டுக்கு? நெல்லுக்கும் ரப்பருக்கும் ஒரே மாதிரி சதவீதம் போட்டது யாருன்னு எனக்கு இன்னும் புரியல்ல.

மார்த்தாண்டம் டு அயர்லாந்து:
இங்க வேற கதை. பயிர் போறது வரை காத்திருக்க மாட்டாங்க. நிலமே மோசம்னா வருஷா வருஷம் ஹெக்டேர் கணக்குல பணம். ஐரோப்பாவுல 1975-லேயே ஆரம்பிச்சது. 2013 சட்டத்துல மண், சரிவு, தட்பவெப்பம்னு 8 அளவுகோல் வச்சாங்க. ஒரு பகுதியோட விவசாய நிலத்துல 60 சதவீதமாவது அதுல ஒண்ணுக்குள்ள வரணும். தண்ணி வடியாத மண்ணும் அந்த எட்டுல ஒண்ணு. தோவாளை அண்ணனோட தாழ்ந்த வயல் இங்க இருந்திருந்தா... ஆனா அவரு மேட்டுக்காரங்களோட ஒரே பகுதியில மாட்டியிருந்தா இங்கயும் அதே பதில்தான்.

ஓய்வுபெற்ற கிராம அலுவலர்:
நிலத்தைப் பார்த்து ஒதுக்குற திட்டம் நமக்கும் இருந்துச்சு. 1974-75-ல வந்த மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டம். தாலுகா பரப்புல 20 சதவீதமாவது 600 மீட்டர் உயரத்துக்கு மேல இருக்கணும். குமரியும் அதுல உண்டு. ஆனா கணக்கு அலகு முழுத் தாலுகா. மலையடிவாரத்து மரச்சீனி (மரவள்ளி) போடுறவனும் கீழ ரோட்டோரக் கடைக்காரனும் ஒரே வரிசை. அலகு பெருசா இருந்தா தேவையில்லாதவன் உள்ள வருவான், கஷ்டப்படுறவன் சராசரியில மறைஞ்சு போவான். சின்னதா வச்சா பரிசோதனை செய்ய ஆளு பத்தாது. முப்பது வருஷ சர்வீஸ்ல இந்த இழுபறியை மட்டும்தான் பார்த்தேன்.

தோவாளை வயக்காடு:
அப்ப குலுக்கல்ல விழுந்த வயல்ல அறுக்கும்போது யாராவது கூட நின்னிருக்கீங்களா?

பூதப்பாண்டி:
நான் நின்னேன். 5-க்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடிச்சு, தூத்தி, தராசுல வச்சாங்க. ஒழுங்காத்தான் செஞ்சாங்க, குறை சொல்ல மாட்டேன். விழுந்தது மேட்டு வயலாக்கும்.