பொருள்: மறு: 'கம்பி வளைப்பான்' சரியா? (தோள்வார், முளை, பூட்டு பற்றியும்)

நண்பர்களே, வணக்கம். கிதார் கருவிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில், பி-பெண்டர் பற்றி வந்த யோசனைக்கு இது என் பதில். பி-பெண்டர் என்பது கிதாரின் பி கம்பியின் (மெல்லிய பக்கத்திலிருந்து இரண்டாவது) சுரத்தை மட்டும் ஏற்றும் கருவி.

> பி-பெண்டருக்குக் 'கம்பி வளைப்பான்' என்று வைக்கலாமே. எளிதாகப் புரியும்.

எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி கம்பியை வளைப்பதே இல்லை, என் மறுப்பு அதில்தான். விரலால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளும்போது அது வளைகிறது, சரி. பி-பெண்டர் செய்வது வேறு வேலை. கிதாரின் கழுத்தை இடக்கையால் லேசாகக் கீழே அழுத்திப் பாருங்கள். தோளில் மாட்டிய வார் இறங்காது, கிதார் மட்டும் இறங்கும். அப்போது கிதார் உடலின் மேல்தோள் பக்கம் வார் மாட்டியிருக்கும் முளை மேலே இழுபடும், அந்த முளை உள்ளே ஒரு நெம்புகோலின் நுனி, அதன் மறுமுனை பாலத்துக்கு (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதிக்கு) பின்னால் பி கம்பியை நீளவாக்கில் இழுக்கும். கம்பி நேராகவே இருக்கிறது, இழுவிசை மட்டும் கூடுகிறது. 246.9 ஹெர்ட்ஸில் இருந்த பி, 277.2 ஹெர்ட்ஸுக்கு, அதாவது சி ஷார்ப்புக்கு ஏறுகிறது. அதற்கு இழுவிசை ஏறக்குறைய கால் பங்கு கூட வேண்டும். மற்ற ஐந்து கம்பிகளும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

1960களின் பிற்பகுதியில் கிதார் கலைஞர் கிளாரன்ஸ் ஒயிட், மிதியால் கம்பியின் சுரத்தை ஏற்றி இறக்கும் பெடல் ஸ்டீல் கிதாரின் வழுக்கலைத் தன் டெலிகாஸ்டர் மின்கிதாரில் கொண்டுவர ஆசைப்பட்டார். நினைத்ததை வாசிக்க மூன்றாவது கை ஒன்று வேண்டியிருந்தது. அவரோடு வாசித்த டிரம்ஸ் கலைஞர் ஜீன் பார்சன்ஸுக்கு இயந்திரக் கைவேலையும் தெரியும், அவர்தான் இதைச் செய்து கொடுத்தார். அந்த மூன்றாவது கை தோள்வார்தான்.

விரலால் செய்வதற்குப் புதுச் சொல்லே தேவையில்லை என்பேன். வீணைக்காரர்கள் ஒரே மெட்டில் (வீணைத் தண்டின் குறுக்கே உள்ள கட்டையில்) விரலை வைத்துக் கம்பியைப் பக்கமாகத் தள்ளி மேல் சுரத்தை எடுப்பதை 'ஒதுக்கல்' என்கிறார்கள். கிதாரிலும் அதேதான் நடக்கிறது. கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு 'வளைத்தல்' என்று ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

கருவிக்கு வருவோம். 'கம்பி இழுப்பி' என்று முதலில் நினைத்தேன், ஆனால் கம்பி இழுப்பது பொற்கொல்லர் பட்டறை வேலை, அந்தப் பொருள்தான் முன்னால் வந்து நிற்கும். 'கம்பி நீட்டி' வேண்டவே வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 'சுருதியேற்றி' என்றால் வாத்தியம் முழுவதன் சுருதியும் ஏறுவதாகப் படும். இங்கே ஏறுவது ஒரு கம்பியின் சுரம் மட்டுமே. ஆகவே என் முன்மொழிவு: சுரமேற்றி. சுரம் என்றால் காய்ச்சல் ஆயிற்றே என்று யாராவது கேட்கலாம். 'ஏழு சுரங்கள்' என்று எழுதும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வருவதில்லை. இன்னொரு வசதி, முன்னால் ஒரு சொல் சேர்த்தால் வகைகளும் கிடைத்துவிடும். இடுப்பில் அழுத்தி இயக்குவது இடுப்புச் சுரமேற்றி, உள்ளங்கையால் அழுத்துவது உள்ளங்கைச் சுரமேற்றி, மேலே சொன்னது தோள்வார்ச் சுரமேற்றி.

'கம்பி'யா 'நரம்பு'வா என்ற கேள்விக்கு: மின்கிதாரில் கம்பிதான். கம்பியின் அசைவை மின்னோட்டமாக்கும் பிக்கப்பின் காந்தத்துக்கு இரும்போ நிக்கலோ அசைந்தால்தான் மின்னோட்டம் பிறக்கும், உண்மையான நரம்பை, அதாவது விலங்கின் குடலில் செய்ததைக் கட்டினால் ஒலிபெருக்கியில் ஒன்றும் கேட்காது.

அப்புறம் வார் மாட்டும் இடம். 'குமிழ்' வால்யூமுக்கும் டோனுக்கும் போய்விட்டது. 'பொத்தான்' என்றால் அழுத்தத் தோன்றும். அசையாமல் நிற்பது, அதில் ஒன்றை மாட்டுவது என்றால் நமக்கு முளை இருக்கிறதே, மாட்டைக் கட்டும் அதே முளை. தோள்வார் முளை.

வார் கழன்று விழாமல் பிடிக்கும் அமைப்புக்கு 'வார்ப்பூட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல் நல்லது, சேர்த்து எழுதினால் 'வார்ப்பு' என்று கண் தப்பாகப் படிக்கிறது. 'தோள்வார்ப் பூட்டு' என்று பிரித்து எழுதலாம். பூட்டு என்றால் சாவி வேண்டாமா என்ற கேள்விக்கு, ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், அங்கே சாவி ஏது? சுரமேற்றி உள்ள கிதாருக்கு இந்தப் பூட்டு கட்டாயம் என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை சுரம் ஏற்றும்போதும் வார் முளையை இழுக்கிறது, தோல்வாரின் துளை மெல்ல மெல்ல அகலும். சாதாரண கிதாரிலேயே எனக்கு ஒருமுறை வாசிப்பின் நடுவில் துளை நழுவி, கழுத்தைப் பிடித்த இடக்கை மட்டும்தான் மிச்சம், உடல் தரையில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அவசரப்பட்டு ஒரு சொல்லை வைத்தால் பிறகு மாற்றவே முடியாது என்பதற்கு இந்தத் துறையிலேயே சான்று உண்டு. 1954இல் ஸ்டிராட்டோகாஸ்டர் மின்கிதாரின் அதிர்வுக்கோலுக்கு ஃபெண்டர் நிறுவனம் 'டிரெமலோ' என்று பெயர் வைத்தது. டிரெமலோ ஒலியளவு ஏறி இறங்குவது, அந்தக் கோல் அசைப்பதோ சுரத்தை. எழுபது ஆண்டு தாண்டியும் தவறான பெயரே நிற்கிறது.

சுரமேற்றிக்கு மாற்று இருந்தால் சொல்லுங்கள். 'ஒதுக்கல்' பற்றி வீணை வாசிப்பவர்கள் கருத்தும் வேண்டும்.