அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன்: பழைய தோட்டத்து வீட்டில் எப்படித் தயாராவது?

செம்பனை_வரிசை (சுங்கை சிப்புட்):
வணக்கம். அம்மாவுக்கு 66 வயசு, பல வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவங்க. வலது முழங்கால் முழுசாத் தேய்ஞ்சு கால் வளைஞ்சு போச்சு. ஈப்போ மருத்துவமனையில் மூட்டு மாற்றத் தேதி கொடுத்துட்டாங்க, இன்னும் ஆறு வாரம் இருக்கு. இனிப்புநீர் (சர்க்கரை நோய்), ரத்த அழுத்தம் ரெண்டும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், எம்பாக்லிஃப்ளோசின், ரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோப்ரில், அம்லோடிபின் சாப்பிடுறாங்க. கடைசியா எடுத்த எச்.பி.ஏ1சி (சராசரிச் சர்க்கரை அளவு காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.9. வலிக்குப் பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) வாங்கின மூட்டு மாத்திரை ஒண்ணும் ஓடுது. வீட்டு வாசலில் மூணு படி, சமையல்கட்டு ஒரு படி கீழே, கழிவறை குந்தி உட்கார்ற வகை. என்னென்ன முன்கூட்டியே செய்யணும்? வீட்டுக்கு வந்த பிறகு எதில் கவனமா இருக்கணும்? அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏற முடியுமான்னு அம்மா கேட்கிறாங்க.

ஓய்வு_மிஸ்ஸி:
தம்பி, நான் ஓய்வு பெற்ற நர்ஸ். மற்றதை எல்லாம் அப்புறம் பார்ப்போம். முதல்ல அந்தப் பாசார் மாலம் மாத்திரை. இந்த மாதிரி மூட்டு மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசிய சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட உடனே வலி பறந்து போகுதா, பசி அதிகமா, முகம் உப்பியிருக்கா, லேசா இடிச்சாலே தோல் கன்றிப் போகுதா? அப்படின்னா சந்தேகப்படணும். சர்க்கரை 8.9-ல நிற்க அதுவே ஒரு காரணமா இருக்கலாம். ஆனா நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. ரொம்ப நாள் ஸ்டீராய்டு போன உடம்பு தன் சொந்த ஹார்மோன் சுரப்பதைக் குறைச்சிருக்கும். சட்டுனு நிறுத்தினா, அதுவும் ஆபரேஷன் நேரத்தில், ரத்த அழுத்தம் விழுந்துடும். பாட்டிலோட எடுத்துட்டு இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்க. மயக்க மருந்து டாக்டரிடமும் மறைக்காம சொல்லுங்க. திட்டுவாங்கன்னு அம்மாக்கள் இதைத்தான் மறைப்பாங்க.

சர்க்கரை விஷயம்: எச்.பி.ஏ1சி 8-க்குக் கீழே வரணும்னு நிறைய அறுவை மருத்துவர்கள் எதிர்பார்ப்பாங்க. சர்க்கரை உயர்ந்திருந்தா வெள்ளை அணுக்கள் கிருமியோடு சரியாப் போராடாது, புண்ணும் மெதுவா ஆறும். செயற்கை மூட்டில் கிருமி ஏறினா மாத்திரையில் போகாது, மறுபடி திறக்க வேண்டியிருக்கும். அந்த எண் ஏறக்குறைய மூணு மாதத்துச் சராசரி என்பதால் ஆறு வாரத்தில் முழுசா இறங்காது. அதனால வீட்டிலேயே காலையிலும் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சும் பார்த்து எழுதிக் கொண்டு போங்க. தேதி தள்ளிப் போனாலும் வருத்தப்பட வேணாம், அம்மாவுக்கு நல்லதுதான்.

எம்பாக்லிஃப்ளோசினை வழக்கமா ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வாங்க. பட்டினி கிடக்கும்போது, சர்க்கரை அளவு அதிகமாத் தெரியாமலே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து அதில் இருக்கு. மெட்ஃபார்மினும் பெரிண்டோப்ரிலும் அன்று காலையில் வேணாம்னு பெரும்பாலும் சொல்வாங்க. அம்லோடிபினை ஒரு மடக்குத் தண்ணியில் போடச் சொல்வாங்க. உங்க டாக்டர் என்ன சொல்றாரோ அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்குங்க. திட உணவு 6 மணி நேரம் முன்பு நிற்கணும், வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். தே தாரிக், மைலோ ரெண்டிலும் பால் இருக்கு, அது உணவுக் கணக்கு.

சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல், கால்விரல் இடுக்குச் சேற்றுப்புண் எதுவா இருந்தாலும் இப்பவே வைத்தியம் பார்த்துடுங்க. முழங்கால் முடியை வீட்டில் பிளேடு வச்சு மழிக்காதீங்க, கண்ணுக்குத் தெரியாத கீறலே கிருமிக்கு வாசல். முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டு மூணு மாதம் ஆகலைன்னா அதையும் சொல்லணும்.

பட்டறை_அண்ணன்:
வீட்டைப் பத்தி மட்டும் சொல்றேன். குந்தும் கழிவறைக்கு மேலே வைக்கிற, நடுவில் ஓட்டையுள்ள கைப்பிடி நாற்காலி மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கும். கால் உயரம் கூட்டிக் குறைக்கிற வகையா வாங்குங்க. அம்மா உட்கார்ந்தா முட்டி இடுப்பை விடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கணும், அதுதான் சரியான உயரம். வாங்கும் முன்னாடி கழிவறைக் கதவின் அகலத்தை அளந்துடுங்க. பழைய தோட்டத்து வீடுகளில் கதவு குறுகல், நடைச்சட்டம் (வாக்கர்) நேரா நுழையாது. கதவைக் கழட்டித் திரை போட்டா அந்த இடைஞ்சல் தீரும். காய்கறி நறுக்கிற குட்டி முக்காலியை எடுத்து உள்ளே வச்சுடுங்க, அதில் உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது.

வாசல் படிக்கு ஒரு பக்கமாவது கெட்டியான இரும்புக் கைப்பிடி வேணும், சுவரில் போல்ட்டு போட்டு. சமையல்கட்டுப் படி விளிம்பில் பளிச்சுன்னு தெரியிற நிறத்தில் பெயிண்ட் அடிங்க. பாயும் கால்மிதியும் ரெண்டு மாசத்துக்கு வேணாம். ஈரச் சிமெண்டுத் தரையில் தேய்ஞ்ச செலிப்பர் கூடவே கூடாது. நடைச்சட்டத்தின் கைப்பிடி, அம்மா கையைத் தொங்கவிட்டு நின்னா மணிக்கட்டு ரேகைக்கு நேரா வரணும்.

பிசியோ_தம்பி:
அண்ணே, எல்லாரும் முட்டி எவ்வளவு மடங்குதுன்னுதான் கேட்பாங்க. நான் முதல்ல பார்ப்பது முழுசா நீளுதான்னு. நேராகாத முட்டியோட நிற்கும்போது தொடைத் தசை ஓயாம வேலை செய்யும். நொண்டல் போகாது, மற்ற முட்டியும் இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும். வீங்கின முட்டிக்குக் கொஞ்சம் மடக்கி வைக்கிறதுதான் சுகமா இருக்கும், அதனால அம்மா முட்டிக்கு அடியில் தலையணை கேட்பாங்க. கொடுக்காதீங்க. அப்படியே கிடந்தா தழும்பும் அந்த வளைவிலேயே இறுகிடும். குதிகாலுக்கு அடியில் மட்டும் துண்டைச் சுருட்டி வச்சு, முட்டி தானாத் தொங்கி நேராகட்டும். ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிஷம், நாளைக்கு நாலஞ்சு தடவை.

பெரும்பாலும் ஆபரேஷன் அன்றோ மறுநாளோ நிற்க வைப்பாங்க. படுத்திருக்கும்போது மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டணும், ரத்தம் கட்டாமல் இருக்க. முட்டியைக் கட்டிலோடு அழுத்தித் தொடையை இறுக்கி 5 விநாடி, பத்துத் தடவை. குதிகாலை இழுத்து மடக்கும்போது அடியில் பிளாஸ்டிக் பையைப் போட்டா விரிப்பில் வழுக்கிட்டுப் போகும். பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னாடி வலி மாத்திரை. பயிற்சி முடிஞ்சதும் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிஷம், புண் கட்டின் மேல ஈரம் படாம. முட்டி மடங்குறது ரெண்டு வாரத்தில் 90 டிகிரி, ஆறு வாரத்தில் 110 பக்கம் வந்தா நல்லா போகுதுன்னு அர்த்தம். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தா பயிற்சியைப் பாதியாக் குறைங்க, நிறுத்தாதீங்க. ஆறு வாரமாகியும் 90 வரலைன்னா டாக்டரிடம் சீக்கிரம் காட்டணும். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வைத்தியம் முதல் மூணு மாதத்துக்குள்ளே செஞ்சாத்தான் நல்ல பலன்.

படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. கைத்தடிக்கு மாறினதும் வலது முட்டிக்கு இடது கையில் பிடிக்கணும். நிறைய பேர் அதே பக்கம் பிடிச்சு உடம்பைச் சாய்ச்சு நடப்பாங்க. இந்தப் பயிற்சிகளை இப்பவே ஆரம்பிச்சுடுங்க, ஆறு வாரத்தில் தொடைக்கு வர்ற பலம் பின்னாடி கைகொடுக்கும்.

செம்பனை_வரிசை:
ரொம்ப நன்றி. மிஸ்ஸி அக்கா, பக்கத்து வரிசைப் பாட்டி எண்ணெய் போட்டு உருவி விடுறேன்னு சொல்றாங்க. செய்யலாமா?

ஓய்வு_மிஸ்ஸி:
வேணாம் தம்பி. ஆடுசதையில் ரத்தக்கட்டி இருந்து அதை உருவினா, அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். தையல் பக்கம் எண்ணெய், மஞ்சள் எதுவும் படக்கூடாது. புண் முழுசா மூடி, டாக்டர் சரின்னு சொன்ன பிறகு தழும்பை மட்டும் லேசாத் தேய்க்கலாம். பாட்டி மனசு கோணாம இருக்கணும்னா தோளையும் முதுகையும் பிடிச்சு விடச் சொல்லுங்க.

ரத்தம் கட்டாம இருக்க ஊசியோ மாத்திரையோ கொடுத்தா ஒரு வேளையும் விடக்கூடாது. முட்டி சூடா இருக்கிறது, தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப் போறது, நடக்கும்போது டக் டக்னு சத்தம், இதெல்லாம் மாதக்கணக்கில் இருக்கலாம், பயப்பட வேணாம். ஆனா ஆடுசதை வீங்கி வலிச்சா அன்னைக்கே மருத்துவமனை. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ 999. ஒரு வாரம் தாண்டியும் தையலில் நீர் கசிஞ்சாலோ, சிவப்பு பரவினாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ ஆபரேஷன் செஞ்ச டாக்டரிடமே போங்க. பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுடாதீங்க, கிருமி எதுன்னு பரிசோதனையில் தெரியாமப் போயிடும். கூடுதலா டைக்ளோஃபெனாக் வலி மருந்தும் கேட்டு வாங்காதீங்க, இனிப்புநீர் உள்ளவங்க சிறுநீரகத்துக்கு ஆகாது.

செலவு பத்தி நீங்க கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். அரசு மருத்துவமனையில் வார்டுக் கட்டணம் குறைவு, ஆனா செயற்கை மூட்டின் விலை தனியா வரலாம். தேதிக்கு முன்பே அங்குள்ள மருத்துவ சமூக நலப் பிரிவில் கேளுங்க. வருமானம் குறைந்தவங்களுக்கு மருத்துவ உதவி நிதிக்கு அவங்க வழியாத்தான் விண்ணப்பிக்கணும். கடைசி நேரத்தில் போனா கடிதங்கள் தயாராகாது.

பிசியோ_தம்பி:
பத்துமலைக்கு 272 படி. மூணு மாதத்தில் ஒரு மாடி ஏறி இறங்க முடிஞ்சா, ஆறு மாதத்துக்கு மேல் கைப்பிடியைப் பிடிச்சு மெதுவா ஏறலாம். ஏறுறதை விட இறங்குறதுதான் முட்டிக்குக் கஷ்டம், அதனால இறங்கும் பயிற்சியைத் தனியாச் செய்யணும். வெறுங்காலில் சூடான தார் ரோட்டில் நடக்கிறதைத்தான் நான் தடுப்பேன். இனிப்புநீரால் பாதம் மரத்திருந்தா கொப்புளம் வந்ததே தெரியாது, அந்தப் புண்ணிலிருந்து கிருமி ரத்தம் வழியாப் புது மூட்டுக்குப் போகும். படிக்கட்டு அடிவாரம் வரை செருப்புப் போட்டுக்கிட்டு, கூட்டம் இல்லாத ஒரு நாள் காலையில் கூட்டிட்டுப் போங்க அண்ணே.