எங்க பூர்வீகச் செட்டிநாட்டு வீட்டைப் பிரிச்சு விக்கலாமா?

வளவுப்பையன்:
காரைக்குடிக்குப் பக்கத்துல எங்க பூர்வீக வீடு. ஐயாவோட (தாத்தாவோட) அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவுல கொண்டுவிக்க (வட்டித் தொழில் பண்ண) போயிருந்த காலத்துல கட்டுனது, முன்வாசல் ஒரு தெருவுல பின்வாசல் அடுத்த தெருவுல. இப்ப 22 புள்ளிக்கு, அதாவது 22 குடும்பத்துக்குப் பங்கு. மெட்ராஸ், சிங்கப்பூர், அமெரிக்கான்னு ஆளுக்கொரு பக்கம் கெடக்கோம், வருஷத்துக்கு ஒருக்க முன்னோர்களைக் கும்பிடுற படைப்புக்கு வர்றதே பெரிசு. போன மாசம் ஒரு வியாபாரி வந்து தூணு, நெலை, கதவு, உத்தரம் எல்லாத்தையும் நாங்க பிரிச்சு எடுத்துக்கிறோம் மனைய நீங்க வச்சுக்கங்கன்னு வெலை சொல்லிட்டுப் போயிருக்கார். பாதிப்பேர் சரின்னுட்டாங்க. எனக்கு மனசு வரல, ஆனா வேணாம்னு சொல்றதுக்கும் காரணம் கெடைக்கல.

கணக்குப்புள்ளை:
வித்துருங்க தம்பி. நாங்க ரெண்டு வருஷம் முன்னாடி வித்தோம். ஓடு மாத்துறதுக்குக் கொட்டேஷன் வாங்கிப் பாத்துட்டு அப்புறம் பாரம்பரியம் பேசுங்க. நாட்டு ஓடு அடுக்கடுக்கா போட்டது, ஒரு பக்கம் ஒழுகுனா பத்து பக்கம் பிரிக்கணும், அதப் பிரிச்சு அடுக்கத் தெரிஞ்ச ஆளு கெடைக்கிறதே குதிரைக் கொம்பு. வெளியூர்ல உக்காந்துக்கிட்டு போட்டோவுக்கு ஹார்ட் போடுறவன் யாரும் பத்து ரூவா குடுக்க மாட்டான்.

ஆத்தங்குடியாள்:
அண்ணே நீங்க வித்தது மரத்தை மட்டுமில்ல. பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கப்பல்ல வந்து எறங்கி இந்தச் செம்மண் பூமியில எழுபது சொச்சம் ஊருக்கு வண்டி கட்டி வந்துருக்கு. வளவுல (நடு முற்றத்துப் பகுதியில) மழை விழுந்தா தண்ணி பாத்திரத்துக்கும் கெணத்துக்கும் போற மாதிரி சரிவு வச்சுக் கட்டிருக்காங்க. இதெல்லாம் போனா திரும்பக் கட்ட முடியுமா? யுனெஸ்கோவே உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச எடம்.

கணக்குப்புள்ளை:
அறிவிக்கல. 2014-ல தற்காலிகப் பட்டியல்ல போட்டாங்க, அவ்வளவுதான். பட்டியல்ல இருந்தா ஓட்டை அடையுமா?

ஆத்தங்குடியாள்:
சரி அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா சொன்ன விஷயம் மாறல.

ரங்கூன்கேள்வி:
யாரும் கேக்காத ஒண்ண நான் கேக்கறேன். அந்தத் தேக்கு யாரு காசு? 1930-ல நெல்லு வெலை விழுந்தப்ப கடன் கட்ட முடியாத பர்மா விவசாயிங்க நெலம் கை மாறி, 1937 வாக்குல கீழ்பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல கால்வாசி நெலம் செட்டியார்கள் கையில. அந்த வட்டியில எழுந்த தூணைப் பாத்து எல்லாரும் உருகுறோம்.

வளவுப்பையன்:
கேள்வி நியாயந்தான். ஆனா நெலம் வேணும்னு யாரும் போகல, நெலத்தை வச்சு என்ன பண்றது, அவங்களுக்குப் பணந்தான் வேணும். கடைசியில ரெண்டும் நிக்கல. 1942-ல ஜப்பான்காரன் வந்தப்ப எங்க ஐயா காட்டு வழியா நடந்தே வந்தார், மிச்சம் இருந்ததையும் பர்மா சுதந்திரத்துக்கு அப்புறம் அந்த நாட்டு அரசாங்கம் எடுத்துக்கிச்சு. மிஞ்சுனது இந்த வீடு ஒண்ணுதான்.

கொத்தனார்_பேரன்:
மொத்தப் பேச்சும் கட்டச் சொன்னவங்களப் பத்தியே போகுதே, கட்டுனவங்கள யாராச்சும் சொன்னீங்களா? எங்க தாத்தாவும் அவரு அண்ணனும் இந்த ஊர் வீடுகள்ல சாந்து பூசுனவங்க. சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்து அரைச்சு பூசி, கையாலயே நாள் கணக்கா தேய்ச்சு எடுத்த சுவரு, இன்னைக்கும் கன்னத்தை வச்சா குளுகுளுன்னு இருக்கும். வியாபாரி தூணைத் தூக்கிட்டுப் போவான், அதுக்கு வெலை உண்டு. சுவரைக் கடப்பாரையால இடிச்சுக் குப்பையில கொட்டுவான். எங்க தாத்தா வேலைக்கு வெலையே கெடையாது. அதனால நிக்கட்டும்னு சொல்றேன், உங்க பெருமைக்காக இல்ல.

ஆத்தங்குடியாள்:
இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல.

கணக்குப்புள்ளை:
நல்லாத்தான் சொன்னீங்க கொத்தனார் தம்பி, மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நிக்கட்டும்னா தானா நிக்காது. எங்க வீட்டுல வளவுக்குப் பின்னாடி இருந்த ரெண்டாங்கட்டுல ஆலங்கன்னு மொளைச்சு சுவரு விரிஞ்சு, ஒரு ஐப்பசி மழையில அடுப்படி அப்படியே உக்காந்துருச்சு. அதுக்கு மேல விட்டுருந்தா தேக்கும் இத்துப் போயிருக்கும். சென்னைக்குப் பக்கத்துல தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துல ஒரு செட்டிநாட்டு வீடு பாத்துருப்பீங்க, பிரிச்சுக் கொண்டுபோன சாமானை வச்சுத் திரும்பக் கட்டுனது. பிரிச்சா எல்லாமே நாசம்னு சொல்லாதீங்க.

கொத்தனார்_பேரன்:
அது ஒரு வீடு. மத்ததெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள்ல கதவு வேற கால் வேறயா நிக்குது, அப்புறம் எவன் வீட்டு ஹால்லயோ டீப்பாய்.

சும்மாஎட்டிப்பாத்தேன்:
ஹோட்டலுக்கு லீசுக்கு விடலாமே? கானாடுகாத்தான்ல எத்தனை வீடு ஹோட்டலா ஓடுது.

வளவுப்பையன்:
லீசுக்கும் 22 கையெழுத்து வேணும் நண்பரே. அதுல ரெண்டு பேருக்குள்ள 15 வருஷமா பேச்சுவார்த்தையே இல்ல, எதுக்குன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் ஞாபகமில்ல. அது போக எல்லா வீட்டையும் ஹோட்டலாக்குனா தங்க ஆளு எங்க? எங்க ஊர்ல பஸ்ஸே ரெண்டு தடவைதான்.

ஆச்சிவீட்டுச்சாவி:
நான் ஒரு பங்குக்காரி, வேற ஊரு, எங்க வீடு 30 புள்ளி. எல்லாரும் சேந்து வீட்டக் காப்பாத்தணும்னு உக்காந்தா விடிஞ்சிரும். நாங்க மொத வருஷம் ஓட்டுக்கு மட்டும்னு ஆளுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணோம், 18 பேர் குடுத்தாங்க. வளவையும் சாமி அறையையும் மட்டும் ஓடு போட்டுச் சரி பண்ணோம், ரெண்டாங்கட்டை அப்படியே விட்டுட்டோம். அழகா இல்லதான். ஆனா போன வருஷம் மக கல்யாணம் அந்த வளவுலதான் நடந்தது. குடுக்காத 12 பேரும் வந்து சாப்பிட்டாங்க.

கணக்குப்புள்ளை:
😀 ஆச்சி, அந்த 12 பேர்ல நானும் ஒரு ஆளா இருந்துருப்பேன்.

வளவுப்பையன்:
எல்லாருக்கும் நன்றி. பெரியப்பச்சிகிட்ட இப்பதான் பேசுனேன். தை மாசம் படைப்பு முடியிற வரைக்கும் எவனும் தூண்ல கைவைக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டு போனை வச்சுட்டார். கொத்தனார் தம்பி, உங்க பக்கத்துல ஓடு பிரிச்சு அடுக்கத் தெரிஞ்ச ஆளு யாரும் இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, மழைக்கு முன்னாடி வளவை மட்டுமாவது பாத்துரலாம்.