கிவி கொடி பூக்குது ஆனா ஒரு காய் கூட பிடிக்கல, அவசரம்

பந்தல்பிரியை: எல்லாருக்கும் வணக்கம், தனியா வச்சாலே காய்க்கும்னு சொன்ன கிவி வாங்கி வச்சேன், பந்தல் முழுக்க படர்ந்து இந்த வருஷம் நல்லா பூத்துச்சு ஆனா எல்லாப் பூவும் உதிர்ந்துட்டே இருக்கு, என்ன உரம் போடணும் சீக்கிரம் சொல்லுங்க

மண்புழு: என்ன ரகம்? வயசு என்ன? ஒட்டுச்செடியா, தண்டு வெட்டி வேர்விட வச்சதா? குளிர் எப்படி?

தோட்டக்காரன்77: பொட்டாஷ் பத்தலை. பூ உதிர்ந்தாலே பொட்டாஷ்தான்.

மூத்தகொடி: இங்க தேடிப் பாத்தாலே கிடைக்குற விஷயம். கிவில ஆண் கொடி தனி, பெண் கொடி தனி, பக்கத்துல ஆண் இல்லாம காய் வராது. அடிப்படை தெரிஞ்சிட்டு செடி வாங்கணும்.

மண்புழு: அண்ணே, ஜென்னி, இஸ்ஸாய் ரெண்டும் தனியாவே காய்க்குற ரகம். அவங்க அதைத்தான் சொல்றாங்க.

பந்தல்பிரியை: ஆமா ஜென்னிதான். ஒட்டுச்செடி. குளிர்காலத்துல உறைபனி விழும்.

தேனீதோழி: தனியா காய்க்கும்னாலும் மகரந்தம் சூல்முடில போய் சேரணும்ல. கிவி பூல தேன் கிடையாது, பக்கத்துல வேற பூ நிறைய இருந்தா தேனீ அங்க போயிடும். காலைல பிரஷ்ஷால தொட்டு விடுங்க.

மூத்தகொடி: தானே சேர்க்கை நடக்கும்னா தேனீ எதுக்கு? காத்தே போதும்.

தேனீதோழி: காத்துல கொஞ்சம் பிடிக்கலாம் சார், ஆனா கிவில விதை கூடக்கூடத்தான் காய் பெருக்கும், சரியா சேராம பிடிச்ச காய் சின்னதா கோணலா நிக்கும். காத்து மட்டும் போதும்னா கிவி தோட்டத்துல ஏன் பூக்குற நேரம் பாத்து தேனீப் பெட்டி கொண்டுவந்து வைக்கிறாங்க?

தோட்டக்காரன்77: பொட்டாஷ் போட்டுப் பாருங்களேன் முதல்ல

மண்புழு: உரத்தை விடுங்க. மேடம், ஒரு பூ எடுத்து இதழை விலக்கிப் பாருங்க. பெண் பூன்னா நடுவுல மெல்லிசு முடியோட குட்டிக் காய் இருக்கும், அது தலைல வெள்ளைத் தண்டுங்க நட்சத்திரம் மாதிரி விரிஞ்சு நிக்கும். ஆண் பூல அந்த வெள்ளை இருக்காது, சுத்தி மஞ்சள் மகரந்தம் மட்டும்தான். அப்படியே கொடி எங்கேர்ந்து கிளம்புதுன்னு ஒட்டுப் போட்ட இடத்தையும் பாருங்க, வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்குக் கீழ இருக்குற செடி, விதைல முளைச்சதா இருந்தா அது ஆணாவும் இருக்கலாம்.

மூத்தகொடி: நான் முதல்லயே ஆண் பெண்ணுன்னு சொன்னேன்.

தேனீதோழி: நீங்க ஆண் கொடி இல்லைன்னு சொன்னீங்க சார், இவர் இருக்குறதே ஆணோன்னு கேக்குறார். ரெண்டும் ஒண்ணா?

பந்தல்பிரியை: பாத்துட்டேன், வெள்ளை எதுவும் இல்ல, மஞ்சள் மட்டும்தான். ஒட்டுக்கு மேல காஞ்ச குச்சி நிக்குது, கீழ வந்த கிளைதான் பந்தல் பூரா. பிடுங்கிடவா?

மண்புழு: வேணாம் வேணாம்! நல்ல வேர் அது. கொஞ்சம் தள்ளி ஹேவர்ட் மாதிரி ஒரு பெண் கொடி வைங்க, இதுவே அதுக்கு ஆணாயிடும், ஆனா ரெண்டும் ஒரே சமயம் பூக்கணும். இல்லைன்னா குளிர் முடியப்போற நேரம், துளிர் வர்றதுக்கு முன்னாடி, தூங்குற ஜென்னி குச்சி வாங்கி இதுலயே திரும்ப ஒட்டுங்க. திரும்ப ஒட்டினாலோ, புதுசா வைக்குற பெண் கொடி ஒட்டுச்செடியா இருந்தாலோ, அந்த ஒட்டுக்குக் கீழ வர்ற துளிரை அப்பப்ப கிள்ளிடணும். குளிர்காலத்துல கவாத்து பண்றப்போ போன வருஷக் கொடி எல்லாத்தையும் வெட்டிடாதீங்க, அதுலேர்ந்து வர்ற புதுத் துளிர்லதான் பூ வரும்.

பந்தல்பிரியை: நன்றி அண்ணா, பெண் கொடியே வச்சுடறேன்

தோட்டக்காரன்77: அப்போ பொட்டாஷ்?