நண்பன் பென்சிலில் போட்ட டிக்

பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் ‘லாஸ்ட் இல்லூஷன்ஸ்’ நாவலை ஆங்கிலத்தில்தான் படித்தேன். 1837 முதல் 1843 வரை மூன்று பகுதிகளாக வந்த பெரிய நாவல். ஒரு காட்சிக்கு மேல் நகர முடியாமல் மூடி வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன்.

லூசியன் கவிஞன். பேரும் புகழும் தேடி பாரிஸுக்கு வருகிறான். வறுமையில் அவனுக்குத் துணை நின்றவன் தார்தெஸ் என்ற எழுத்தாளன். பிறகு பத்திரிகை உலகில் லூசியனுக்கு ஏறுமுகம். ஒரு கட்டத்தில், தார்தெஸின் புத்தகத்தையே கிழித்து எழுது என்று நெருக்குகிறார்கள். புத்தகத்தைப் படிக்கிறான், அருமையான புத்தகம் என்று தெரிகிறது. தெரிந்தே எழுதுகிறான். எழுதியதை எடுத்துக்கொண்டு ராத்திரியோடு தார்தெஸின் அறைக்கே போய் அழுகிறான். தார்தெஸ் என்ன செய்கிறான் தெரியுமா? தன்னைத் தாக்கும் அந்தக் கட்டுரையைத் தானே வாங்கித் திருத்திக் கொடுக்கிறான்.

இங்கேதான் எனக்குக் கை நின்றது.

நானும் என் நண்பனும் ஒரே பதவி உயர்வுக்குக் காத்திருந்தோம். ஒரு திட்டத்தின் மூல யோசனை அவனுடையது, அறிக்கை நான் எழுதியது. முதல் பக்கத்தில் என் பெயரை மட்டும் போட்டேன். அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கே சமாதானம். கணக்கில் அவன் புலி என்பதால் சரிபார்க்க அவனிடமே கொடுத்தேன். மறுநாள் காலை என் மேசையில் இருந்தது. நான்காம் பக்க அட்டவணையில் ஒரு கூட்டல் பிழையைப் பென்சிலில் திருத்தி, ஓரத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டிருந்தான். முதல் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் அதைப் பார்க்காமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படியே அனுப்பிவிட்டேன். உயர்வு எனக்கு வந்தது. வந்து கை கொடுத்தான்.

அன்றைக்கு அவன் சண்டை போட்டிருந்தால் நான் இதற்குள் மறந்திருப்பேன்.

அவ்வப்போது வருந்துவது பாசாங்கு என்று தார்தெஸ் ஓரிடத்தில் சொல்வான். அதனால் மன்னிப்புக் கடிதம் எழுத மனம் வரவில்லை. யோசனை யாருடையது என்று போன மாதம் மேலதிகாரிக்கு எழுதி, ஒரு நகலை அவனுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை.

*

நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு அதே நாவலில் ஒட்டிக்கொண்டவன் டேவிட். ஊரில் அச்சகம் நடத்துகிறவன், லூசியனின் சகோதரியைக் கட்டியவன். பாரிஸில் பணம் தீர்ந்ததும் லூசியன் இவன் கையெழுத்தைப் போட்டு மூன்று கடன் பத்திரம் எழுதிவிடுகிறான், தலா 1,000 பிராங்க். அது தன் கையெழுத்தில்லை என்று டேவிட் ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். சொன்னால் லூசியன் தண்டனைக் கைதி. சொல்லவில்லை, கடைசியில் கடனுக்காக அவன்தான் சிறைக்குப் போகிறான். வக்கீல் செலவும் வட்டியும் ஏறி ஏறிக் கடன் வீங்குவதைப் பால்சாக் வரிக்கு வரி கணக்குப் போட்டுக் காட்டுவார். அவரே 1826-இல் அச்சகம் தொடங்கி, இரண்டே வருடத்தில் நொடித்துக் கடனாளியானவர். அந்தப் பக்கங்களில் அனுபவம் பேசுகிறது.

நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன். நண்பன் தவணையை நிறுத்திவிட்டான், மூன்று வருடம் நான் கட்டினேன். என் கையெழுத்து உண்மையானது, அது ஒன்றுதான் வித்தியாசம். பணம் போனதைவிட, தெருவில் என்னைக் கண்டதும் அவன் எதிர்ப்பக்கம் மாறிப் போனதுதான் தாங்கவில்லை. எதுவும் கேட்டிருக்க மாட்டேன் நான்.

உங்கள் நண்பர் பதில் போடவில்லை என்கிறீர்கள். என் நண்பனிடமிருந்து அப்படி ஒரு காகிதம் வந்தால் நானும் உடனே பதில் போடுவேனா, தெரியாது. ஆனால் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்து இன்னொரு தரம் படிப்பேன்.