கராஷிமாவின் ஆய்வுமுறை தருமபுரி நடுகற்களுக்குப் பொருந்துமா?

தகடூர் மாணவி (தருமபுரி):

அனைவருக்கும் வணக்கம். முதுகலை வரலாறு முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன். சோழர் காலத்து அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் ஒப்பிட்டு ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா 1966இல் வெளியிட்ட கட்டுரை என்னை மிகவும் ஈர்த்தது. திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்த இவ்விரண்டில், வேளாளர் ஊரான அல்லூரில் நிலம் ஊராரின் பொது உடைமையாகவும், பிரமதேயமான (பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரான) ஈசானமங்கலத்தில் தனியார் உடைமையாகவும் இருந்ததை நில விற்பனைக் கல்வெட்டுகளைக் கொண்டே அவர் காட்டினார். எங்கள் மாவட்டத்திலோ காவிரிக் கரைக் கோயில்களில் உள்ளதுபோல் கல்வெட்டுகள் அடர்த்தியாக இல்லை, நடுகற்களே மிகுதி. அவருடைய முறையை இங்கே கையாள முடியுமா?

காவேரிப்பட்டினம் வாசகர்:

நல்ல கேள்வி, அம்மா. நான் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். கராஷிமா 1933இல் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். பதவிகளையும் விருதுகளையும்விட அவர் விட்டுச் சென்ற வேலைமுறையே பெரிது என்பது என் கருத்து. வெவ்வேறு ஊர்களிலும் நூற்றாண்டுகளிலும் கிடைத்த கல்வெட்டு வரிகளை எடுத்துக் கோத்து ஒரே சித்திரமாக்குவதை அவர் ஏற்கவில்லை. ஒரு வட்டாரத்தையும் ஒரு காலப் பகுதியையும் வரையறுத்துக்கொண்டு, அதற்குள் கிடைக்கும் கல்வெட்டுகள் அனைத்தையும் திரட்டி, ஒரு சொல் எத்தனை முறை, எங்கே, யாரைப் பற்றி வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து, பேராசிரியர் சுப்பராயலுவுடனும் தோரு மத்சுயியுடனும் சேர்ந்து அவர் 1978இல் வெளியிட்ட மூன்று தொகுதிகள் அந்த உழைப்பின் விளைவு. சோழ நாட்டில் நிலவுடைமை காலப்போக்கில் தனியார் கைக்கு மாறியதை அவரால் காட்ட முடிந்ததும், இந்தியக் கிராமம் மாறாதது என்ற பழைய கருத்தை மறுக்க முடிந்ததும் இதனால்தான். உங்கள் நடுகற்களையும் இவ்வாறே வரிசைப்படுத்தலாம்.

ஓசூர் ஆய்வாளர்:

ஐயா சொன்னதில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்கிறேன். கோயில் கல்வெட்டு பெரும்பாலும் நிலம், வரி, கொடை பற்றிய ஆவணம். நடுகல்லில் அரசனின் ஆட்சியாண்டு, நாட்டின் பெயர், வீரன் யாருடைய சேவகன், தொறு (கால்நடைக் கூட்டம்) மீட்டுப் பட்டானா, ஊர் அழிந்தபோது பட்டானா என்பன போன்ற செய்திகள்தாம் கிடைக்கும். ஆகவே நிலவுடைமை பற்றிய கேள்வியை இந்தக் கற்களிடம் கேட்டால் விடை வராது. ஆனால் கால்நடைச் செல்வம் யாரிடம் குவிந்திருந்தது, புறமலை நாடு போன்ற பிரிவுகளில் சிறு தலைவர்களின் அதிகாரம் எவ்வளவு தூரம் சென்றது, பல்லவர், கங்கர், நுளம்பர் ஆகிய அரச மரபினரின் பெயர்கள் எந்த எல்லையில் மாறுகின்றன என்ற கேள்விகளுக்கு இவற்றைவிடச் சிறந்த சான்று நமக்கு இல்லை. முறையை எடுத்துக்கொள்ளுங்கள், கேள்வியை நம் மண்ணிலிருந்து எழுப்புங்கள்.

தகடூர் மாணவி:

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் எந்தத் தொகுப்பிலிருந்து தொடங்குவது?

ஓசூர் ஆய்வாளர்:

தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட தருமபுரிக் கல்வெட்டுகள், செங்கம் நடுகற்கள் ஆகிய தொகுதிகளை முதலில் முழுவதும் படியுங்கள். பிறகு தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களை நேரில் பார்த்து, அச்சிட்ட பாடத்தோடு ஒப்பிடுங்கள். இக்கற்களில் உள்ள பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்து படிக்கப் பழகாமல் இந்த ஆய்வில் இறங்க வேண்டாம். அதோடு, நுளம்பர் காலக் கன்னடக் கல்வெட்டுகளை ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ்க் கற்களை மட்டும் எண்ணினால் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுத் தகடூரின் பாதிதான் தெரியும். ஒவ்வொரு கல்லுக்கும் ஊர், நாடு, அரசன், ஆட்சியாண்டு, வீரன், அவனுடைய தலைவன், இறப்பின் காரணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறித்து ஓர் அட்டவணை தயாரியுங்கள். அது முடிந்த பிறகு தலைப்பை முடிவு செய்யலாம்.